பொங்கற் பானைக்குச் சித்திரையில் மண்

பித்தளையும் அலுமினியமும் வந்த பின்னரும், தைப்பொங்கலுக்குப் புது மண்பானையைத் தேடுவோர் நம் சிற்றூர்களில் பலர். குயவர் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் எதிர்நோக்குவது அந்தச் சில நாள் விற்பனையையே. மார்கழியில் சக்கரம் சுழன்றால் போதுமென ஊராட்சி உறுப்பினர் சிலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். வனைந்த பானை முதலில் நிழலில் மெல்லக் காய்ந்து, பின்னர் வெயிலில் ஈரம் முற்றும் நீங்குதல் வேண்டும். ஈரம் எஞ்சிய பானையைச் சூளையில் அடுக்கினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதனை வெடிக்கச் செய்யும். பக்கத்துப் பானைகளும் தப்பா. நனைந்த விறகும் வறட்டியும் சீராக எரிவதில்லை. இதனிடையே கார்த்திகை அகலுக்கும் தேவை எழுகிறது. ஆகவே இரு விழாக்களுக்குமுரிய சரக்கில் பெரும்பகுதி புரட்டாசிக்குள் வெந்து, கூரையின்கீழ் சேர்ந்திருத்தல் வேண்டும். அதற்கு மண் கோடையிலேயே வந்தாக வேண்டும். ஏரி வறண்டிருப்பதும் அப்போதுதானே!

மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பெற்ற ஏரி, குளங்களில் மண்பாண்டத் தொழிலுக்குக் கட்டணமின்றி மண் எடுக்க 1959ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகளில் இடமுண்டு. அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறுமாறு 2024இல் எளிதாக்கப்பட்டது. ஆயினும் விண்ணப்பம் எழுதுவாரின்றிக் கோடை கழிந்துவிடுகிறது. நாம் கண்ட ஓர் ஊரில் விண்ணப்பம் ஆடியில்தான் புறப்பட்டது; அனுமதி வருமுன் ஏரியில் நீர் சேர்ந்துவிட்டது. அவ்வாண்டு வெளியூர் மண்ணை விலைக்கு வாங்கினர். தையில் வந்த பணம் மண்ணுக்கும் வண்டி வாடகைக்குமே சரியாயிற்று.

கரையோரம் பள்ளம் விழுமே என உழவர்கள் அஞ்சுவது நியாயமே. கரைக்கும் மதகுக்கும் விலகிய இடத்தை முன்னரே அளந்து குறித்துவிட்டால் பூசலுக்கு இடமிராது. மேலே படிந்த வண்டல் வயலுக்கும், அடியிலுள்ள களி சூளைக்கும் போகலாம், ஏரியும் ஆழப்படும்.

செலவு கோடையில், வரவு தையில். இந்த இடைவெளியில்தான் வியாபாரி முன்பணம் தந்து, பானையின் விலையையும் அன்றே பேசி முடித்துக்கொள்கிறார். கூட்டுறவுச் சங்கத்திலோ மகளிர் சுயஉதவிக் குழுவிலோ உரிய காலத்தில் கடன் கிட்டினால், விலை சொல்லும் உரிமை குயவரிடமே நிற்கும்.

மே 1 அன்று கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற நாள். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை வண்டி மண், ஏரியின் எப்பகுதியில், யாருக்குக் கடன், மழைக்குமுன் பொதுக் கொட்டகையின் கூரையை வேய்வது யார் என்பவற்றை அன்றே எழுதி, விண்ணப்பங்களை அவ்வாரத்திலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் சேர்ப்பிக்கலாம்.