பெட்டிக்கு எர்த் இருக்கு... கதவுக்கு இருக்கா?

ஹாஸ்டல் ரூம். குளிச்சிட்டு ஈரக் காலோட வந்து, கம்ப்யூட்டர் சி.பி.யு. பெட்டிக்குப் பின்னாடி பென் டிரைவ் செருகப் போறீங்க. விரல் நுனியில 'சுர்ர்'னு ஒரு எறும்புக் கடி! பக்கத்து பெட் நண்பர் அசால்ட்டா சொல்வார்: "அது அப்படித்தான் மாப்ளே, செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு!"

இந்தச் செருப்பு வைத்தியம் ரொம்பப் பிரபலம். ஆனா அந்த 'சுர்ர்' எங்கேயிருந்து வருது?

கம்ப்யூட்டரோட பவர் சப்ளைக்குள்ளே, மின் இரைச்சலை வடிகட்ட குட்டிக் கெபாசிட்டர்கள் வெச்சிருப்பாங்க. லைன்ல இருந்து ஒண்ணு, நியூட்ரல்ல இருந்து ஒண்ணு பெட்டியோட இரும்பு 'பாடி'யில இணைஞ்சிருக்கும். மூணு பின் பிளக்கில் அந்தப் பெரிய பின் இருக்கே, அது நிஜமாவே பூமிக்குப் போய்ச் சேர்ந்தா பிரச்னையே இல்லை. சுவர் சாக்கெட்டுக்குள்ளே எர்த் ஒயரே இல்லைன்னா, பெட்டி கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் அந்தரத்துல தொங்கும். கரன்ட் பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியர்கூட வராது, அதனால ஆளை ஒண்ணும் பண்ணாது. ஆனா அது ஒரு தந்தி மாதிரி. 'இந்த ரூம்ல எர்த் இல்லை'னு சொல்லுது. நாளைக்கே உள்ளே ஒரு லைன் ஒயர் கழண்டு பாடியில பட்டா, 'சுர்ர்'ரோட நிக்காது பாஸ்!

சரி, எர்த் ஒயர் இருக்கு. அப்ப எல்லாம் சுபமா? இங்கேதான் யாருமே சந்தேகப்படாத ஒரு வில்லன் என்ட்ரி கொடுக்கிறார். பேரு... பெயின்ட்!

இதைப் புரிஞ்சுக்க ஹாஸ்டலை விட்டு வயலுக்குப் போவோம். சிதம்பரத்துல இருந்து புவனகிரிக்கு பைக்கை விடுங்க. வெள்ளாத்துப் பாலம் தாண்டி வரப்புல இறங்கினா, எங்கேயாவது ஒரு மோட்டார் கொட்டகை கண்ணுல படும். உள்ளே சுவத்துல ஒரு இரும்புப் பெட்டி, பச்சையும் சிவப்புமா ரெண்டு பட்டன். அதான் ஸ்டார்ட்டர். உள்ளே ஓடுறது த்ரீ பேஸ். ஒரு பேஸுக்கும் பூமிக்கும் நடுவுல மட்டும் சுமார் 230 வோல்ட். அதைத் தொடுறவர் நிக்கிற இடம் சேறு, காலும் ஈரம், கையும் ஈரம். ஆராய்ச்சிக்கூடத்துல ஷூ போட்டுக்கிட்டு, ரப்பர் மேட்ல நின்னு பேனல் போர்டைத் தொடுற நமக்கும் அவருக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க!

நனைஞ்ச உடம்போட எதிர்ப்பு சுமார் 1000 ஓம்னு வெச்சுக்குவோம். 230 வோல்ட் பட்டா 230 மில்லி ஆம்பியர் உடம்பு வழியா ஓடும். உயிர் காக்கிற ஆர்.சி.சி.பி. கருவி 30 மில்லி ஆம்பியர்லேயே லைனைத் துண்டிக்கிற மாதிரி செய்யறாங்கன்னா, 230-ஐ நீங்களே யோசிச்சுக்குங்க.

இந்தப் பெட்டி எப்படித் தயாராகுது? இரும்பு ஷீட்டை வெட்டி, வளைச்சு, பவுடர் கோட்டிங் தூவி, அடுப்புல வேகவைப்பாங்க. சாதாரணமா 60-ல இருந்து 100 மைக்ரான் கனம். ஒரு தலைமுடி தடிமன்தான். ஆனா அது பிளாஸ்டிக். மின்சாரத்தைக் கடத்தாது. அதுக்கு மேல எர்த் ஒயரோட லக்கை வெச்சு போல்ட்டை முறுக்கினா, பார்க்க எல்லாம் பக்கா. பச்சை ஒயர் இருக்கு, போல்ட் இருக்கு, வாஷர் இருக்கு. லக்குக்கும் ஷீட்டுக்கும் நடுவுலதான் பெயின்ட் உக்காந்திருக்கு! போல்ட் மரையில எங்கேயாவது ஒரு கீறல்ல இரும்பும் இரும்பும் தொட்டாத்தான் உண்டு.

"பெயின்ட் கரன்ட்டைக் கடத்தாதுன்னா, தொடுற ஆளுக்கும் அது பாதுகாப்புதானே?"னு ஒரு புத்திசாலி கேட்பீங்க. நல்ல கேள்வி. ஆனா நம்ம கை படுற இடம் எது? கைப்பிடி, பூட்டு, ஸ்குரூ தலை, துரு ஏறி பெயின்ட் உதிர்ந்த விளிம்பு. எல்லாமே வெத்து உலோகம். மனுஷனைக் காப்பாத்த வேண்டிய இடத்துல பெயின்ட் இருக்காது. எர்த் தொட வேண்டிய இடத்துல மட்டும் கெட்டியா இருக்கும்!

இதுல கதவு ஒரு தனிக் கதை. பட்டன், இண்டிகேட்டர் லேம்ப்னு பாதி சாமான் கதவுலதான் மாட்டியிருக்கும். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அந்த ஒயர்கள் மடங்கி நிமிரும். பத்து வருஷத்துல எங்கேயாவது தோல் உரியும். நம்ம கையும் தினம் அந்தக் கதவு மேலதான். ஆனா கதவுக்கும் பெட்டிக்கும் உள்ள உறவு ரெண்டே ரெண்டு கீல். அதுவும் பெயின்ட் பூசி, கிரீஸ் தடவினது. கீலை நம்பக் கூடாதுன்னுதான், மின் சாமான் மாட்டின கதவுக்குத் தனியா ஒரு எர்த் ஒயரோ, தகரம் பூசின செம்புப் பின்னல் பட்டையோ போடணும்.

வைத்தியம் சுலபம். பெட்டி செய்யும்போதே எர்த்துக்குன்னு ஒரு ஸ்டட்டை வெல்டு பண்ணி, அந்த இடத்துக்கு டேப் ஒட்டிட்டுப் பெயின்ட் அடிக்கலாம். பழைய பெட்டின்னா, மெயினை ஆஃப் பண்ணிட்டு, லக் உட்கார்ற அளவுக்குச் சுரண்டி இரும்பு பளபளன்னு தெரியணும். பல்லு வெச்ச ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கினா, பல் பெயின்ட்டைக் கிழிச்சு இரும்பைக் கடிக்கும். சுரண்டின இடத்துல வாசலின் மாதிரி பசை தடவினாத்தான் துரு ஏறாது. கடலூர், பரங்கிப்பேட்டைன்னு உப்புக் காத்து அடிக்கிற ஊர்ல இந்தக் கடைசி வேலையை விட்டா, மத்த வேலையெல்லாம் வீண்.

செஞ்சது சரியான்னு எப்படித் தெரியும்? மல்டிமீட்டர்ல 'பீப்' வந்துட்டா குதிக்காதீங்க. மெல்லிசா ஒரே ஒரு இழை தொட்டாலும் பீப் வரும். நிஜமான பழுதுல நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும்போது அந்த இழை பொசுங்கிடும். அதனாலதான் பேனல் போர்டுகளுக்கான ஐ.இ.சி. 61439 தரவிதி, குறைஞ்சது 10 ஆம்பியர் செலுத்திப் பார்க்கணும், எர்த் முனைக்கும் கதவுக்கும் நடுவுல எதிர்ப்பு 0.1 ஓமைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுது. சாதா மல்டிமீட்டரால அவ்வளவு சின்ன எதிர்ப்பை நம்பிக்கையா அளக்க முடியாது. அதோட ஒயருக்கே அந்த அளவு இருக்கும்!

இன்னொண்ணு. எர்த்தோட வேலை கரன்ட்டை பூமிக்குள்ள 'புதைக்கிறது' இல்லை. ஃப்யூஸ் போற அளவுக்குப் பெரிய கரன்ட்டை ஓட விடுறதுதான். கொட்டகைக்குப் பின்னாடி கரியும் உப்பும் போட்டுப் புதைச்ச எர்த் குழி மொத்தப் பாதைக்கும் 10 ஓம் எதிர்ப்பு காட்டினா, 23 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் ஃப்யூஸ் அசைஞ்சுகூடப் பார்க்காது. அங்கே ஆர்.சி.சி.பி. இல்லாம கதையாகாது. மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் தனித்தனியா ரெண்டு எர்த் இணைப்பு வேணும்னு 1956-ம் வருஷ இந்திய மின்சார விதிகளே சொல்லிடுச்சு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். கொட்டகையைச் சுத்தி வந்து எத்தனை பட்டை பூமிக்குள்ள இறங்குதுன்னு எண்ணிப் பாருங்களேன்.

அப்புறம், நம்ம ஊர் வழக்கம் ஒண்ணு. ஆயுத பூஜைன்னா மோட்டார், ஸ்டார்ட்டர் எல்லாத்துக்கும் புது பெயின்ட் அடிச்சு, சந்தனம், குங்குமம் வெப்போம். பிரஷ் பிடிச்சவர் எர்த் போல்ட்டையும் கழட்டி, லக்குக்கு அடியிலேயும் அழகா ஒரு கோட் போட்டு மாட்டிடுவார். அடுத்த சில வாரத்துலேயே வடகிழக்குப் பருவமழை வந்து நிக்கும். லீவுக்கு ஊருக்குப் போறவங்க, பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்னாடி அந்தப் போல்ட் மேல ஒரு துண்டு டேப் ஒட்டிடுங்க.