ஒப்புதல் வாக்குமூலமும் சோசலிச நீதியும்: சோவியத் அனுபவம் குறித்துச் சில சிந்தனைகள்

சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி என்பது மார்க்சியத்தின் அடிப்படைக் கூற்றுகளுள் ஒன்று. அக்கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆயின், அதிலிருந்து வேறொரு முடிவு அவசரமாகப் பெறப்படுவதுண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குரிய உரிமைகள் யாவும் பூர்ஷ்வா சமூகத்தின் வெறும் முகத்திரை என்பதும், உழைக்கும் மக்களின் அரசில் அவற்றுக்குத் தேவையில்லை என்பதுமே அம்முடிவாகும். இது எத்துணை பொருத்தமானது என்பதைச் சோவியத் ஒன்றியத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1917ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிடப்பட்ட நீதிமன்றங்கள் பற்றிய முதலாவது ஆணை, சாரின் ஆட்சிக்கால நீதிமன்றங்களையும் வழக்கறிஞர் அமைப்பையும் கலைத்தது. பழைய சட்டங்கள் புரட்சிகர மனச்சாட்சிக்கும் சட்டவுணர்வுக்கும் முரணாகாத அளவுக்கே கைக்கொள்ளப்படலாயின. நிலவுடைமையாளரின் நலன் காத்த நீதிமன்றங்களை மக்கள் அகற்றியதில் வியப்பில்லை. உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின், 1922இல் தண்டனைச் சட்டக்கோவையும் நடவடிக்கைமுறைக் கோவையும் இயற்றப்பட்டன. வழக்கறிஞர் அமைப்பும் மீண்டும் தோன்றியது. எனினும் அத்தண்டனைக் கோவை ‘ஒப்புமை’ என்னும் கோட்பாட்டை ஏற்றிருந்தது. கோவையில் வெளிப்படையாகக் கூறப்படாத செயலொன்றையும், அதற்கு மிக நெருங்கிய பிரிவின்கீழ்த் தண்டிக்கலாம் என்பதே அதன் பொருள். தன் செயல் குற்றமா என்பதை முன்கூட்டியே அறியும் வாய்ப்பை மனிதர் இதனால் இழந்தனர். 1926ஆம் ஆண்டுக் கோவையிலும் இக்கோட்பாடு நிலைத்தது.

இக்காலத்துச் சட்டச் சிந்தனையாளருள் தலையாயவர் எவ்கேனி பஷுக்கானிஸ். சட்டத்தின் வடிவமே பண்டப் பரிமாற்றத்திலிருந்து பிறப்பதென 1924இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். பண்டப் பொருளாதாரம் மறையுங்கால் சட்டமும் உலர்ந்துதிரும் என்பது அவரது முடிவு. ஆழமான சிந்தனைதான். ஆயின், அரசு உலராது நாளும் வலுப்பெற்றுவந்த நாட்டில், சட்டம் மட்டும் உலர்ந்தால் எஞ்சுவது யாது? கட்டுப்பாடற்ற அதிகாரமே. சட்டம் மறையுமெனக் கூறிய பஷுக்கானிஸ் 1937இல் கைதாகிக் கொல்லப்பட்டார். சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கும் கிட்டவில்லை.

1934 டிசம்பர் 1ஆந் திகதி லெனின்கிராட்டில் கீரொவ் கொலையுண்ட அன்றே பயங்கரவாத வழக்குகளுக்கெனச் சிறப்பு ஆணையொன்று பிறந்தது. விசாரணை பத்து நாட்களுள் முடிய வேண்டும், குற்றப்பத்திரம் வழக்குக்கு ஒரு நாள் முன்னரே கையளிக்கப்படும், தரப்பினர் பங்குபற்றாமலே வழக்கு கேட்கப்படும், மேன்முறையீடு இல்லை, மரண தண்டனை உடனடியாக நிறைவேற்றப்படும். இரண்டாண்டுகளின் பின், 1936 டிசம்பரில் ஏற்கப்பட்ட அரசியலமைப்பு, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிர்வாத உரிமையை 111ஆம் உறுப்புரையிலும், ஆளின் தீண்டாமையை 127ஆம் உறுப்புரையிலும் உறுதிசெய்தது. இவ்விரண்டும் ஒரே காலத்தில், ஒரே நாட்டில் நடைமுறையில் இருந்தன என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி. 1937, 1938ஆம் ஆண்டுகளில் அரசியற் குற்றச்சாட்டுகளின்பேரில் மரண தண்டனை பெற்றோர் ஏறத்தாழ 6,80,000 பேர் எனப் பிற்காலத்தில் வெளிவந்த ஆவணங்கள் காட்டுகின்றன. இவர்களுட் பெரும்பாலோர் நீதிமன்றத்தையே கண்டதில்லை. மூவர் குழுக்கள் கோப்புகளைப் பார்த்தே தீர்ப்பளித்தன.

பகிரங்கமாக நடந்த மொஸ்கோ வழக்குகளின் அச்சாணி ஒப்புதல் வாக்குமூலமே. 1938 மார்ச் 2ஆந் திகதி கிரெஸ்தின்ஸ்கி தமது வாக்குமூலத்தை மன்றில் மறுத்தார். மறுநாளே அம்மறுப்பைத் தாமே மீளப் பெற்றார். இடைப்பட்ட இரவைப் பற்றி மன்று எதுவும் வினவவில்லை. அதே வழக்கில் புகாரின், குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஒப்புதலைச் சான்றாகக் கொள்வது மத்தியகால நீதிமுறை எனத் தமது இறுதியுரையிற் குறிப்பிட்டார். வழக்குத்தொடுநரான விஷின்ஸ்கி 1941இல் எழுதிய நூலிற்கூட, பொதுவான வழக்குகளில் ஒப்புதலை மாத்திரம் நம்பலாகாது என்றே கூறினார். அரசுக்கெதிரான சதி வழக்குகளில் மட்டும் அதற்கு முதன்மை இடமளித்தார். எங்கே பாதுகாப்பு மிகுதியும் வேண்டப்பட்டதோ, அங்கேதான் அது விலக்கப்பட்டது. 1937 முதல் உடல்ரீதியான வதை அனுமதிக்கப்பட்டிருந்தமையை 1939 ஜனவரியில் ஸ்டாலின் அனுப்பிய தந்தி உறுதிசெய்கின்றது. இத்தந்தியை 1956இல் குருஷேவ் கட்சி மாநாட்டில் வெளிப்படுத்தினார்.

1956இல் கீரொவ் ஆணை நீக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டங்கள் ஒப்புமைக் கோட்பாட்டைக் கைவிட்டன. 1960ஆம் ஆண்டு ருஷ்யக் குடியரசின் நடவடிக்கைமுறைக் கோவை, ஏனைய சான்றுகளால் உறுதிப்படாத ஒப்புதல் குற்றச்சாட்டுக்கு அடிப்படையாகாது என விதித்தது. இவை மெய்யான முன்னேற்றங்கள். ஆயினும், பொதுவாக வழக்கறிஞர் முதற்கட்ட விசாரணை முடிந்த பின்னரே வழக்கினுள் நுழைய முடிந்தது. 1966 பெப்ரவரியில் எழுத்தாளர்களான சின்யாவ்ஸ்கி ஏழாண்டும் டானியல் ஐந்தாண்டும் தண்டனை பெற்றனர். இருவரும் குற்றத்தை ஏற்க மறுத்தனர். இலக்கிய மாணவராகிய நாம் இவ்வழக்கில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: கதைமாந்தரின் கூற்றுகள் ஆசிரியரின் கூற்றுகளாக வாசிக்கப்பட்டன. விசாரணை அறையில் பெறமுடியாத ஒப்புதலை, மன்று புனைகதையிலிருந்து பெற முயன்றது எனலாம். முன்னதாக 1965 டிசம்பர் 5ஆந் திகதி, அரசியலமைப்பு நாளன்று, மொஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்திற் கூடியோர் கோரியதும் புதிய சட்டமொன்றையன்று. வழக்கு பகிரங்கமாக நடத்தப்பட வேண்டும், உள்ள அரசியலமைப்பு மதிக்கப்பட வேண்டும் என்றே அவர்கள் கேட்டனர்.

இவற்றுக்கெல்லாம் தனிமனிதர் ஒருவரின் கொடுமையை மாத்திரம் காரணமாகக் காட்டுவது மார்க்சிய விளக்கமாகாது. அரசும் தொழிலாளி வர்க்கமும் ஒன்றே என்ற கற்பிதமே பிழையின் வேர்களுள் முதன்மையானது. அவ்விரண்டும் ஒன்றாயின், அரசின் முன் நிற்பவர் வர்க்கத்தின் பகைவராகவே இருத்தல் வேண்டும். அவருக்காக வாதாடுவோரும் ஐயத்துக்குரியவராவர். லெனின் இவ்வாறு கருதவில்லை. 1920ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தொழிற்சங்க விவாதத்தில், தொழிலாளர் தமது அரசிடமிருந்தே தம்மைக் காத்துக்கொள்ளவும் அவர்களுக்குச் சங்கங்கள் வேண்டும் என அவர் வாதிட்டார். அத்தர்க்கத்தைத் தொழிற்சாலையிலிருந்து குற்றவாளிக் கூண்டுவரை நீட்டுவது நமது கடன்.

இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தினரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதலைச் சான்றாக அனுமதித்தது. அதை நாம் எந்த நியாயத்தாற் கண்டிக்கின்றோமோ, அந்த நியாயம் 1938இன் மொஸ்கோவுக்கும் உரியது. நியாயத்துக்கு முகாம் இல்லை. புகாரினின் குற்றத்தீர்ப்பைச் சோவியத் உச்சநீதிமன்றம் 1988இல் இரத்துச் செய்தபோது, அவர் கொல்லப்பட்டு ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கடந்திருந்தன. குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமைகள் பூர்ஷ்வா வர்க்கம் மக்களுக்கு ஈந்த கொடையன்று; அவை மக்கள் போராடிப் பெற்றவை. அவற்றைக் கையளித்துவிட்டுச் சோசலிசத்தை அடைதல் இயலாது என்பதே சோவியத் அனுபவம் நமக்கு உணர்த்தும் பாடமாகும்.