ஒரே அறையில் ஓசையும் ஜெபமும்



மும்பையில் நம்மில் அநேகருக்கு வாய்த்திருப்பது ஓர் அறையும் சமையலறையும் மாத்திரமே. பிள்ளைகள் படிப்பதும், பெரியவர்கள் உறங்குவதும், குடும்பமாய் முழங்கால்படியிடுவதும் அங்கேதான். அவ்வறையில் ஹோம் தியேட்டர் வைக்க விரும்புகிறீர்களா? வாங்குமுன் சற்று நிதானியுங்கள்.

5.1 என்பது ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்தது. பேச்சொலி பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருவதால், அதைத் தொலைக்காட்சிக்கு நேர் கீழே வையுங்கள். பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் உட்காருமிடத்தின் இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இருக்கட்டும். சப்வூஃபரின் தாழ்ந்த அதிர்வு சுவரையும் கடந்து செல்லும். ஆகையால் அதை அடுத்த வீட்டாரோடு பொதுவான சுவரை ஒட்டி வையாதிருங்கள்; அடியில் ரப்பர் விரிப்பு இடுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை வகுத்த வரம்பு 45 டெசிபல். அயலகத்தார் நம் சாட்சியை முதலாவது கேட்பது சுவர் வழியாகவே அல்லவா?

பிள்ளைகளின் படிப்பு வேளையிலும் குடும்ப ஜெப வேளையிலும் கருவியை அணைத்துவிடுங்கள். பெட்டிகளுக்கு இடந்தேடி, முழங்கால்படியிடும் இடத்தைக் குறுக்காதிருங்கள். இடம் போதாவிட்டால் முன்னுள்ள இரண்டு ஸ்பீக்கர்களே போதும்.

கர்த்தர்தாமே உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பாராக.