விசிட் விசாவில் வேலை கிடையாது

குறைந்த காசில் வெளிநாடு பார்க்க இன்று நமக்கும் வழி இருக்கிறது. 2024 ஜூலையில், இலங்கை உட்பட 93 நாடுகளைச் சேர்ந்தவர்கள் விசா இல்லாமல் வந்து தங்கலாம் என்று தாய்லாந்து அறிவித்தது. சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. மாலைதீவில் விமான நிலையத்திலேயே அனுமதி கிடைக்கும். காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் கடலில் இறங்கியது. இந்திய விசா கையில் இருந்தால், திம்புள்ளத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை தன் பூட்டன் வந்த ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கொட்டகலை, தலவாக்கலை வழியாக ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் தோளில் பையை மாட்டிக்கொண்டு வரும் வெளிநாட்டு இளைஞர்களை நம் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். நாமும் இப்படி நாலு நாடு பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்த ஆசையைத்தான் தரகர்கள் குறிவைக்கிறார்கள். "டிக்கெட், விசா எல்லாம் நாங்க பாத்துக்குறோம். ஒரு மாசம் டுபாயச் சுத்திப் பாரு, அங்கேயே வேலை எடுத்துத் தர்றோம்" என்று பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் செய்தி வருகிறது. பல நேரங்களில் அதைக் கொண்டுவருபவர் பக்கத்துத் தோட்டத்து அண்ணனாகவோ, தூரத்து உறவில் ஒரு மாமாவாகவோ இருப்பார். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல்தான் 1,350 ரூபாயாக உயர்ந்தது. தோட்டச் சம்பளத்தில் விமான டிக்கெட்டுக்குச் சேர்ப்பது எத்தனை மாதப் பாடு என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அதனால்தான் 'இலவசம்' என்றதும் மனம் இளகிவிடுகிறது. இலவசம் இல்லையென்றால் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது, அப்பாவின் ஈ.பி.எப். காசு கைமாறுகிறது.

விசிட் விசா என்பது பார்த்துவிட்டுத் திரும்புவதற்கான அனுமதி. அதில் போய் வேலை செய்யப் பொதுவாக எந்த நாடும் விடுவதில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் விசா முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டம். தொழில் அனுமதி இல்லாத ஒருவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி ஒரு இலட்சம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை அபராதம். இவ்வளவு ஆபத்தையும் ஏற்றுக்கொண்டு ஒருவன் நம் பிள்ளையை விசிட் விசாவில் வேலைக்கு எடுக்கிறான் என்றால், அவன் ஒழுங்கான சம்பளம் கொடுக்கும் எண்ணத்தில் எடுக்கவில்லை. ஒப்பந்தம் இல்லை, காப்புறுதி இல்லை. முறைப்பாடு செய்யப் போனாலும், விசா முடிந்தவர் என்று முதலில் நம் பிள்ளையைத்தான் நிறுத்திக் கேட்பார்கள். தரகருக்குத் துணிவு தருவது இந்தப் பயந்தான்.

2022 நவம்பரில் ஓமான் விவகாரம் வெளியே வந்தது. இலங்கைப் பெண்களைச் சுற்றுலா விசாவில் கொண்டுபோய், வீட்டு வேலைக்கென்று விலை பேசிக் கொடுத்திருந்தார்கள். அந்த வழக்கில் தூதரக அதிகாரி ஒருவரும் கைதானார். இன்னொரு பக்கம், கணினி வேலை என்று நம்பிப் போன நம் இளைஞர்கள் பலர் தாய்லாந்தின் மே சொட்டிலிருந்து மோய் ஆற்றைத் தாண்டி மியன்மாரின் மியாவடிக்குக் கடத்தப்பட்டார்கள். அங்கே இணைய மோசடி முகாம்களில் அடியும் உதையும் வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத மனிதர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. 2024 இல் அவர்களில் பலரை அரசு மீட்டு வந்தது. ஆங்கிலமும் கணினியும் தெரிந்த பிள்ளைகளைத்தான் இந்தக் கடத்தல்காரர்கள் தேடுகிறார்கள் என்பதால், படித்த பிள்ளை ஏமாறாது என்று எந்தக் குடும்பமும் நிம்மதியாக இருக்க முடியாது.

வேலைக்காகப் போகிறவர் 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் புறப்படும் முன்பே பதிய வேண்டும். பதிவோடு காப்புறுதியும் கிடைக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்ப்பது குற்றம். அனுமதிப்பத்திரம் நிறுவனத்துக்கு உரியது. லயத்துக்கு வந்து காசு கேட்கும் சப் ஏஜென்டுக்கு உரியதல்ல. நிறுவனத்தின் பெயரையும் அனுமதி இலக்கத்தையும் கேட்டு வாங்கி, 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த அனுமதி செல்லுபடியாகுமா, அந்த வேலைக்குப் பணியகம் ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். தமிழில் பதில் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. காசு கொடுப்பதானால் நிறுவனத்தின் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021 ஆம் ஆண்டுத் தொழில் சட்டம், ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடக் கூடாது, கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

நம் கடவுச்சீட்டுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பங்குபோட்டு இந்தியாவின் மண்டபம் முகாமுக்கு அனுப்பியது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்த குடியுரிமையின் அடையாளத்தை, "விசா அடிச்சுட்டுத் தர்றேன்" என்று கேட்பவர் கையில் மாதக்கணக்கில் விட்டுவைப்பதை ஏற்க முடியவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஓரிடத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருப்பது தோட்டங்களில் சாதாரணம். அதைத் திருத்தப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போகலாம். கடவுச்சீட்டுக்குக் கண்டியிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இரண்டுக்கும் தரகர் தேவையில்லை. தரகர் வயதை மாற்றிப் போலிப் பத்திரம் செய்து கொடுத்தால், பிடிபடும் நாளில் அதில் இருப்பது பிள்ளையின் பெயரும் கையொப்பமுந்தான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசிட் விசாவில் போனது நம் பிழை, இனி யாரிடமும் போக முடியாது என்று வாய் மூடி இருக்காதீர்கள். ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரைக் கொண்டுபோய்ச் சுரண்டினால், அவர் சம்மதித்துத்தான் போனார் என்பது கடத்தியவருக்குத் தப்பிக்கும் வழியாகாது. இலங்கை 2015 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. ஆட்கடத்தல் நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது. 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டம் இக்குற்றத்துக்கு இரண்டு முதல் இருபது ஆண்டு வரை சிறை விதிக்கிறது. தாய்நாடு திரும்பும் உரிமையை அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை தருகிறது. அங்கிருந்து தூதரகத்தையும், இங்கிருந்து வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவையும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தையும் அணுகலாம். வழக்குக்குக் காசில்லாதவர்களுக்காகச் சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இயங்குகிறது. தரகரின் குரல் பதிவு, வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

பயணம் போகிற பிள்ளைகளே, போய் வாருங்கள். திரும்பும் டிக்கெட்டை உங்கள் பெயரில், உங்கள் கையில் வைத்திருங்கள். கடவுச்சீட்டு, விசா, தங்கும் முகவரி மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பெற்றோரே, தோட்டை அடகு வைக்கும் முன் 1989க்கு ஒரு அழைப்பு எடுங்கள்.