மண்ணில் வழுக்கும், தாரில் கவிழும்

ஜூன் பிறந்து முதல் மழை இறங்கியதும் மும்பைத் தமிழர்களின் ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் திரும்பிவிடும். செம்பூர்க்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு பன்வேல் வழியாக லோனாவ்லாவுக்கு விடுவார்கள். தாராவி இளவட்டங்கள் கர்ஜத் லோக்கலில் தொற்றிக்கொண்டு சஹ்யாத்ரி அடிவாரத்தில் போய் இறங்குவார்கள். அருவியில் நனைந்து, சுட்ட மக்காச்சோளம் தின்று முடித்த பிறகு, பாதையோரக் கொட்டகையில் நாலு பருத்த டயர்களோடு நிற்கும் அந்த வண்டி எப்படியும் கண்ணில் பட்டுவிடும். பைக்குக்கு இருப்பதுபோல் ஹேண்டில்பாரும், குதிரைமேல் உட்காருவதுபோல் கால் விரித்து உட்காரும் சீட்டும் கொண்ட ஏடிவி அது. நாகாவ் கடற்கரைக்குப் போனால் அங்கேயும் அதுதான்.

கொட்டகையில் பெரும்பாலும் இரண்டு ரகம் நிற்கும். சின்னதற்கு ஒரு காசு, பெரியதற்கு அதைவிடக் கூடுதல் காசு. மாட்டுங்காவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர் பெரியதைக் காட்டி, "அது ஸ்ட்ராங்கா இருக்கும், பத்திரம்" என்பார். நம்மில் பலருடைய எண்ணமும் அதுவே. கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது.

மாதிரிக்கு 2011இல் இந்தியாவுக்கு வந்த போலாரிஸ் நிறுவனத்தின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஃபீனிக்ஸ் 200 சின்னது. காற்றிலேயே குளிரும் 196 சி.சி. எஞ்சின், பின்சக்கரங்களுக்கு மட்டும் இழுவை, ஆக்டிவா ஸ்கூட்டரில் உள்ளதுபோல் கியர் மாற்ற வேண்டாத பெல்ட் ஓட்டம், எடை சுமார் 180 கிலோ. ஸ்போர்ட்ஸ்மேன் 570 பெரியது. 567 சி.சி., ரேடியேட்டர் வைத்துக் குளிர்விக்கும் எஞ்சின், வேண்டும்போது நாலு சக்கரத்துக்கும் இழுவை, பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன், எடை சுமார் 320 கிலோ. வேறு கம்பெனி வண்டிகளிலும் சின்னது, பெரியது என்ற இந்தப் பிரிவு ஏறக்குறைய இப்படியே இருக்கும்.

முதலில் பின்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். தாராவி 90 அடி சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நெல்லைக்காரத் தம்பி ஒருவர் சின்ன வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்து எனக்குக் காட்டினார். ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். மற்றதும் கூடவே சுற்றியது. "கம்பி ஒண்ணுதான்ணே. ரெண்டு வீலும் இதுலதான் மாட்டிருக்கு. திரும்பணும்னா ஏதாவது ஒண்ணு வழுக்கித்தான் ஆவணும்" என்றார்.

காரில் இப்படி இல்லை. வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் சுற்ற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி வழிவிடுகிறது. ஏடிவியில் இரு சக்கரங்களுக்கும் நடுவே 80 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்சக்கரம் 3 மீட்டர் ஆரத்தில் கால்வட்டம் போனால் 4.7 மீட்டர் உருளும். வெளிச்சக்கரம் 6 மீட்டரை ஒட்டி உருள வேண்டும். வித்தியாசம் ஒன்றேகால் மீட்டர். இரண்டும் ஒரே கம்பியில் இருப்பதால், அந்த ஒன்றேகால் மீட்டரை யாராவது ஒருவர் தேய்ந்தோ வழுக்கியோதான் தீர்க்க முடியும். சேறும் மணலும் அதற்கு இடம் கொடுக்கும். தார் கொடுக்காது. திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். பிறகு வெடுக்கென்று திரும்பும். 'தார் சாலையில் ஓட்டாதே' என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பதற்கு இது ஒரு காரணம். பெரிய வண்டிகளிலும் பலவற்றில் பின்சக்கரங்கள் இணைந்தேதான் சுற்றும். சில மாடல்களில் மட்டும் பிரித்துவிட ஒரு ஸ்விட்ச் உண்டு.

இனி கவிழ்வதைப் பார்ப்போம். ஒரு வண்டி பக்கவாட்டில் எப்போது சாயும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டே அளவுகள். ஒன்று, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதி. மற்றது, எடையின் மையம் தரையிலிருந்து இருக்கும் உயரம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் எண் பெரிதாக இருந்தால் வண்டி கெட்டியாக நிற்கும். சின்ன வண்டியின் மையம் 45 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 40ஐ 45ஆல் வகுத்தால் 0.89. அதாவது ஆளில்லாத வண்டியைச் சுமார் 42 பாகை சாய்த்தால்தான் உருளும். இதில் 75 கிலோ ஆள் ஒருவர் ஏறி உட்காருகிறார். அவர் உடம்பின் மையம் தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில் இருக்கும். சேர்த்துக் கணக்கிட்டால் மொத்த மையம் 60 செ.மீ.க்கு எழும்பிவிடுகிறது. எண் 0.67 ஆகிறது, 34 பாகையிலேயே வண்டி உருண்டுவிடும்.

பெரிய வண்டிக்கு 95 செ.மீ. அகலம், 50 செ.மீ. மைய உயரம், சீட்டும் உயரம் என்பதால் ஆளின் மையம் 105 செ.மீ. என்று போட்டால், ஆளோடு சேர்த்து எண் 0.79. சின்னதைவிடக் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் பாதையில் எவ்வளவுக்குப் பெறும்? 8 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொண்டால், சின்ன வண்டி மணிக்கு 26 கி.மீ. வேகத்தில் உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கும். பெரிய வண்டி 28இல் தூக்கும். இரண்டே கிலோமீட்டர்தான் வித்தியாசம். அளவுகள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், பதில் பெரிதாக மாறாது.

அதே வளைவில் சின்ன வண்டியை ஓட்டுகிறவர் தன் உடம்பை 20 செ.மீ. உள்பக்கமாக நகர்த்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 255 கிலோ மொத்த எடையில் அவர் பங்கு 75. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மொத்த மையம் உள்பக்கம் 6 செ.மீ. நகர்கிறது. தாங்கும் வேகம் 26இலிருந்து 28க்கு ஏறிவிடுகிறது. பெரிய வண்டி விலை கொடுத்து வாங்கித் தருவதை ஓட்டுகிறவரின் இடுப்பு இலவசமாகத் தந்துவிட்டது! பெரிய வண்டியிலும் சாயலாம். ஆனால் 395 கிலோவில் 75 கிலோ ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் பலனும் குறைவு. சின்ன ஏடிவியில் ஓட்டுகிறவரும் ஓர் உதிரிபாகம். கொட்டகைக்காரர் காசை வாங்கிக்கொண்டு, "இது ஆக்சிலேட்டர், இது பிரேக்" என்று முடித்துவிடுகிறார். சாய்வதைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சாய்வதிலும் முறை உண்டு. உடம்பை முன்னாலும் உள்பக்கமும் கொண்டுபோக வேண்டும். பாரத்தை மட்டும் வெளிப்பக்கக் கால்மிதியில் அழுத்த வேண்டும். அப்போது உள்பக்கப் பின்சக்கரத்தின்மேல் பாரம் குறைந்து அது சுலபமாக வழுக்கிக்கொடுக்கும். பட்டறைத் தம்பி சொன்ன வழுக்கல் இதுதான். பைக் ஓட்டிப் பழகியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில். வண்டியையே சாய்க்கப் பார்ப்பார்கள்; நாலு சக்கர வண்டி சாயாது. பயத்தில் காலைத் தரையில் ஊன்றினால் பின்டயர் வந்து அந்தக் காலின்மேல் ஏறும்.

சேற்றுக்கும் தாருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் இங்கே முழுதாகத் தெரிகிறது. ஈரமான செம்மண்ணில் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம் 0.4 அளவுக்கு இருக்கலாம். வண்டி சாயத் தேவையானது 0.67. சாய்வதற்கு வெகுமுன்பே வண்டி வெளிப்பக்கமாக வழுக்கி வேகத்தை இழந்துவிடும். உலர்ந்த தார் 0.7, 0.8 என்று பிடிக்கும். அங்கே வழுக்கல் கிடையாது, நேராகக் கவிழல்தான். பாதை முடிந்து தார் சாலையைக் கடந்து கொட்டகைக்குத் திரும்பும் அந்தக் கடைசி நூறு மீட்டரில் எல்லோரும் ஆசுவாசமாக முறுக்குவார்கள். அபாயம் அங்கேதான் அதிகம். சேற்றிலும் ஒரு பாறையோ வேரோ டயரின் பக்கவாட்டில் தட்டினால் வழுக்கல் சட்டென்று நின்று அதே கதை நடக்கும். சஹ்யாத்ரி முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. மழைச்சேற்றுக்குள் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. கவிழ்ந்தபின் மேலே கிடக்கப்போவது 180 கிலோவா 320 கிலோவா என்பதையும் 'பத்திரம்' என்று சொல்கிறவர் யோசிக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை உலகம் அடிபட்டுத்தான் கற்றது. 1970இல் ஹோண்டா அமெரிக்காவில் இறக்கிய முதல் ஏடிவிக்கு மூன்றே சக்கரம், 89 சி.சி. எஞ்சின், பலூன்போல் டயர். 1982இல் சுசூகி நாலாவது சக்கரத்தைச் சேர்த்தது. விபத்துகள் குவிந்து, 1988இல் அமெரிக்க அரசோடு கம்பெனிகள் செய்துகொண்ட உடன்பாட்டில் மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றே போனது.

அப்படியானால் பெரிய வண்டிக்கு வேலையே இல்லையா? உண்டு; அது வளைவில் இல்லை, சரிவில். பிடிமானம் 0.4 உள்ள சேற்றில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டி சுமார் 15 பாகை ஏற்றத்தோடு மூச்சு வாங்கிவிடும். நாலு சக்கர இழுவை 22 பாகை வரை ஏறும். இறக்கத்தில் வித்தியாசம் இன்னும் முக்கியம். ஆக்டிவாவில் மேம்பாலம் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால், வேகம் குறைந்ததும் ஒரு கட்டத்தில் எஞ்சின் பிடியை விட்டு வண்டி தானாக உருளுவதைக் கவனித்திருப்பீர்கள். சின்ன ஏடிவியிலும் அதே கிளட்ச் வேலை. மழையில் நனைந்த இறக்கத்தில் மெதுவாக இறங்க நினைக்கும்போதுதான் எஞ்சின் கைவிடும். பிரேக்கை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். அதைக் கெட்டியாகப் பிடித்தால் சக்கரம் நின்று வண்டி சறுக்கும். பெரிய வண்டிகள் சிலவற்றில் எஞ்சின் பிடியைக் கடைசிவரை விடாத ஏற்பாடு இருக்கிறது. நாலு சக்கரமும் சேர்ந்து தடுக்கும் வசதியும் உண்டு. வாங்கப்போகிறவர் விற்பனையாளரிடம் குதிரைத்திறனை விசாரிப்பதைவிட இதை விசாரிப்பது நல்லது. ஓடையில் இறங்கி பெல்ட் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் இரண்டு ரகத்திலும் பெல்ட் நழுவும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது.

டயர் விஷயத்தை யாரும் பார்ப்பதில்லை. காருக்கு 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று என்றால் ஏடிவிக்கு 5 பிஎஸ்ஐயை ஒட்டித்தான். சதுர சென்டிமீட்டருக்கு 350 கிராம். நாம் நிற்கும்போது நம் பாதம் தரையை அழுத்துவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். சேற்றில் புதையாமல் மிதக்கும் ரகசியம் இது. பெட்ரோல் பங்க் மீட்டரில் 5க்கும் 8க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. அதற்கென்றே சின்ன கேஜ் தனியாக இருக்கிறது. இடதில் 4, வலதில் 7 என்று இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கட்டைவிரலால் நாலு டயரையும் அமுக்கிப் பார்த்தாலே பெரிய வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

கர்ஜத்தில் நிலம் வாங்கிப் போட்டு, சொந்தமாகவே ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கும் செம்பூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் பொழுதுபோக்கு ஏடிவியைச் சாலை வண்டியாகப் பதிய முடியாது. வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போகும் கனவு வேண்டாம், டெம்போவில் ஏற்றித்தான் போக வேண்டும். விதிவிலக்காக, 2019இல் ஸ்போர்ட்ஸ்மேன் 570ஐ டிராக்டர் என்ற வகையில் பதிந்து, 8 லட்ச ரூபாயை ஒட்டிய விலைக்கு விற்க வந்தார்கள். சட்டம் அனுமதித்தாலும் தாருக்கு அந்த அனுமதிச்சீட்டு தெரியாது. பக்கத்தில் இருக்கிறதே என்று மாத்தேரான் பக்கம் திருப்பிவிடவும் முடியாது. 2003இல் சூழல் கூருணர்வு மண்டலமாக அறிவிக்கப்பட்ட மலை அது, மோட்டார் வண்டிகளுக்கு அங்கே தடை. நிலம் சமதளமாக, மண்ணாக இருந்தால் நான் சின்னதையே வாங்குவேன். மேடு பள்ளமும் பாறையும் மழைக்கால இறக்கமும் இருந்தால் மட்டும் பெரியது. சின்ன வண்டியில் பின்கம்பியின் செயின் சக்கரம் தரைக்கு நெருக்கமாகத் தொங்குவதால் பாறையில் முதலில் அடிபடுவது அதுதான்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு நாகாவ் மணலிலும் சரி, லோனாவ்லா சேற்றிலும் சரி, சின்னதே தாராளம். பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளை இதில் ஏற்றவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் நிலைப்பாடு. கொட்டகையில் பத்து வயதுப் பையன் கையில் ஹேண்டிலைக் கொடுத்துப் போட்டோ எடுக்கும் அப்பாக்களை வாராவாரம் பார்க்கலாம். அதைவிட அதிகம் நடப்பது பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்வது. சீட்டு நீளமாக இருப்பது ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர்வதற்காக, இருவர் உட்காருவதற்காக அல்ல. மனைவியோ தம்பியோ 65 கிலோவுடன் பின்னால் ஏறினால், மேலே போட்ட கணக்கில் சின்ன வண்டியின் 34 பாகை 31க்கு இறங்குகிறது. ஓட்டுகிறவர் சாயவும் இடமில்லை. பின்னால் இருப்பவர் பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்வார். மேட்டில் முன்சக்கரம் தூக்கும். இரண்டு பேர் போனால் இரண்டு சுற்றுக்குக் காசு கட்டி, ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கொட்டகையில் கட்டிங் சாய் குடித்துக்கொண்டிருக்கலாம்.