சங்க அலுவலகத்தின் ஏடுகளுக்கு எந்த நெறிமுறை ஏற்றது?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரங்களில் இரண்டு மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு கணக்கெழுதும் சிறு சங்கங்களுக்குப் பொதுவானதோர் இடர்ப்பாடு உண்டு. நூல் இருப்பு ஒரு கணினியிலும், கூலிப் பட்டியல் மற்றொன்றிலும், சிக்கன நிதிக் கணக்கு பிறிதொன்றிலுமாகச் சிதறிக் கிடக்கும். பென் டிரைவில் ஏற்றி இறக்கும்போது புதிய பட்டியல் எது, பழையது எது என்பதே மறைந்துபோகும். பழைய பட்டியலின்படி கூலி பட்டுவாடாவானால் நட்டம் தறியில் உட்கார்ந்தவருக்கே. ஆதலின் ஏடுகளையெல்லாம் ஒரே சர்வரில் வைத்து, யாவரும் அங்கிருந்தே எடுத்தாளுதல் நலம்.

சர்வரும் கணினிகளும் தம்முள் பேசிக்கொள்ளும் முறையே நெறிமுறை எனப்படும். அவற்றுள் மூத்தது எஃப்.டி.பி. 1971இல் அதனை வகுத்தளித்தவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண். நம் நாட்டவர் கண்டதென்று மகிழலாம். ஆயினும் அன்றாடக் கணக்கு வேலைக்கு அது பொருந்தாது. ஏட்டை முழுதும் இறக்கி, திருத்தி, மீண்டும் ஏற்றவேண்டும். இருவர் ஒரே ஏட்டைத் திருத்துவராயின் பின்னவர் ஏற்றியதே நிற்கும். முன்னவர் உழைப்பு வீண். போதாக்குறைக்குக் கடவுச்சொல்லும் மறைப்பின்றிச் செல்லும்.

சன் நிறுவனம் 1984இல் வெளியிட்ட என்.எஃப்.எஸ். லினக்ஸ் கணினிகளுக்கிடையே விரைவாக இயங்குவது. ஆனால் அதன் வழக்கமான அமைப்பில், வந்திருப்பவர் இன்னார் என்று கணினி சொல்வதைச் சர்வர் அப்படியே நம்பிவிடுகிறது. யார் எந்த ஏட்டைத் தொடலாம் என்னும் வரையறை வேண்டிய கணக்கறைக்கு இது போதாது.

எஞ்சியது எஸ்.எம்.பி. ஐ.பி.எம். நிறுவனத்தில் 1980களில் தோன்றி விண்டோஸில் வேரூன்றிய இது, ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. ஒருவர் எக்செல் ஏட்டைத் திறந்திருக்கையில் மற்றவர் அதனைப் படிக்க மட்டுமே இயலும்படி பூட்டுகிறது. இப்பூட்டு ஒன்றே கூலிப் பட்டியலைக் காக்கப் போதிய காரணம் என்பது எம் கருத்து. ஆப்பிள் கணினிகளும் 2013 முதல் இதனையே முதன்மையாகக் கொண்டன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உள்ளிட்ட லினக்ஸ் வகைகளுக்கோ, 1992இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதத் தொடங்கிய சாம்பா என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய கணினி ஒன்றில் சாம்பாவை நிறுவினால் அதுவே சர்வராகும். விலை கொடுத்துச் சர்வர் உரிமம் வாங்கவேண்டியதில்லை.

எனினும் எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பை அறவே நிறுத்திவிடுக. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்னும் கேட்டுநிரல் அவ்வழியே நுழைந்து ஏடுகளைப் பூட்டிப் பணம் கேட்டது. 2012இல் வந்த மூன்றாம் பதிப்பு செய்தியை மறைத்து அனுப்பவல்லது, அதனையே கொள்க. 445ஆம் வாயிலை இணையத்துக்குத் திறந்துவைத்தல் கூடாது. வெளியூரிலிருந்து ஏடு வேண்டுவோர் வி.பி.என். வழியே வரட்டும்.

சர்வர் இருக்குமிடமும் கவனத்துக்குரியது. 2015 டிசம்பர் பெருமழையில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தளங்கள் நீரில் மூழ்கியதை இவ்வட்டாரத்தார் மறந்திரார். பெட்டியை மாடியில் வைக்கவும். வாரம் ஒருமுறை தனி வட்டில் பிரதி எடுத்து, அவ்வட்டைக் கணினியினின்றும் கழற்றி வேறொரு கட்டடத்தில் வைத்திருக்கவும்.