ஒரு சில்லு, ஆறு கம்பி

இலங்கையின் பொல்பிட்டிய நீர்மின்நிலையம் 1969இலிருந்து லக்சபான நீரில் இயங்குகிறது. இத்தகைய நிலையங்களில் நீரழுத்தம், வெப்பநிலை போன்ற அளவுகளைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல உலகெங்கும் வழங்கும் முறை, 4 முதல் 20 மில்லிஅம்பியர் வரையான மின்னோட்டம். வோல்ட்டாக அனுப்பினால் நீண்ட கம்பியின் தடை ஒரு பங்கைத் தின்றுவிடும். மின்னோட்டமோ கம்பி முழுவதும் ஒன்றே. கீழெல்லையை 4 ஆக வைத்ததிலும் விவேகம் இருக்கிறது: சுழி வந்தால் கம்பி அறுந்துவிட்டதென்று பொருள். தோட்டத் தொழிலாளரின் லயங்களுக்கு மேலுள்ள சரிவுகளில், மண்சரிவை முன்கூட்டி அறிய வைக்கும் மலிவான கருவிகளுக்கும் இந்த ஒழுக்கம் வேண்டும்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மலையகம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகள் 24 மணிநேர மழையை வைத்தே பெரும்பாலும் அமைகின்றன: 75 மில்லிமீற்றரில் விழிப்பு, 100இல் ஆயத்தம், 150இல் வெளியேற்றம். ஆனால் குறிப்பிட்ட ஒரு சரிவு எவ்வளவு நீரைக் குடித்திருக்கிறது என்பதை மழைமானி சொல்லாது. அதற்கு மண்ணின் ஈரம், சாய்வு, துளைநீர் அழுத்தம் வேண்டும். இவற்றை அளக்கும் மலிவான உணரிகள் பலவும் வோல்ட்டாகவே பேசுகின்றன.

அந்த வோல்ட்டைப் படிக்கும் ஆர்டுயினோ ஊனோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையில் அனலாக் வாய்கள் ஆறு; உள்ளே அளவி ஒன்றுதான். அது வாய்க்கு வாய் மாறி, ஏறக்குறைய 14 பிக்கோபரட் கொள்ளளவி ஒன்றை நிரப்பி, அந்த வோல்ட்டை 0 முதல் 1023 வரையான எண்ணாக்குகிறது. உணரியின் தடை 10 கிலோஓமைத் தாண்டினால் கொள்ளளவி உரிய நேரத்தில் நிரம்பாது. முந்தைய வாயின் மிச்சம் அடுத்த அளவில் கலந்துவிடும். அப்போது காய்ந்த மண், பக்கத்து உணரியின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும். வாய் மாறியதும் முதல் அளவைத் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுப்பது ஓரளவு உதவும். வாயருகே சிறு கொள்ளளவியோ இடைநிலைப் பெருக்கியோ வைப்பது உறுதியான தீர்வு.

நூறு தடவை அளந்து சராசரி எடுத்தால் போதாதா? தாறுமாறான இரைச்சலுக்குப் போதும். ஒரே பக்கம் சாய்ந்த பிழையை ஆயிரம் சராசரியும் திருத்தாது. அதன்மேல் நம்பிக்கையைத்தான் பூசும். 16 பிட் சில்லு வாங்கினால்? நுணுக்கம் கூடும்; ஆனால் அளவி அளவுகோலாகக் கொள்ளும் ஒப்பீட்டு வோல்ட்டு ஆடினால் அந்த நுணுக்கமும் சேர்ந்து ஆடும். குறுஞ்செய்தி அனுப்பும் மொடம் ஒரு நொடித்துணுக்கில் 2 அம்பியர் வரை இழுக்க, மின்வழங்கல் சரிந்து எல்லா வாய்களும் ஒருமிக்கத் தவறலாம். மொடம் உறங்கும்போது அளந்து, பிறகு அனுப்பினால் இது தீரும். டிஜிட்டல் உணரிகள் நல்லவைதாம். அவற்றுக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது, ஆகவே பொறுப்பு ஒழிவதில்லை, இடம் மாறுகிறது.

ஆறு வாய்களில் ஒன்றுக்கு, மாறாத ஒப்பீட்டுச் சில்லின் 2.5 வோல்ட்டைக் கொடுத்துவைக்கலாம். அந்த வாயின் எண் நகர்ந்தால் அன்றைய மற்ற ஐந்தையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.